ஆமை ஜனவரியில் வரும், காசோலை மார்ச்சில் வரும்: தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து கடலுயிர் காக்க விரும்பும் தொழில்காரர்களுக்கு

சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட ஏறுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியை, அதாவது சிஎஸ்ஆர் பணத்தை, அடித்துப்பிடித்துச் செலவழிப்பது மார்ச் கடைசி வாரத்தில். கடற்கரையோர டிரஸ்ட் ஒன்றில் ஏழு ஆண்டு கணக்கு எழுதியவள் நான். இந்த இடைவெளியைவிடப் பெரிய கவலை எங்களுக்கு இருந்ததில்லை. டிசம்பரில் டார்ச் பேட்டரி வாங்கக் காசு இருக்காது. இரவுக் காவலுக்கு வரும் மீனவ இளைஞர்களுக்குக் கைமாற்று வாங்கித்தான் கூலி கொடுப்போம். சீசன் முடியும் தறுவாயில், வங்கியில் பெரிய தொகை ஏறிவிட்டதாகக் குறுஞ்செய்தி வரும். கூடவே ஒரு மின்னஞ்சலும் வரும்: "மார்ச் 31க்குள் செலவுச் சான்று அனுப்பவும்."

பணம் கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கடலுக்கு ஒரு நாட்காட்டி உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஓட்டல் நடத்துபவர், நூற்பாலை வைத்திருப்பவர், மென்பொருள் நிறுவனக்காரர், இறால் ஏற்றுமதியாளர் என யாராக இருந்தாலும், முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் தொழில் கடலை எங்கே தொடுகிறது?

தொண்டு நிறுவனத்தைத் தேடும் முன், ஒரு நாள் உட்கார்ந்து இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி நடத்துகிறீர்களா? கடலைப் பார்த்து எரியும் உங்கள் விளக்குகளை ஜனவரி முதல் மே வரை இரவில் அணைத்துவிடுங்கள், அல்லது தரைப் பக்கம் திருப்பி மறைத்துவிடுங்கள். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு, வெளிச்சம் அதிகம் தெரியும் பக்கத்தைக் கடல் என்று எண்ணித்தான் ஓடும். மனிதர்கள் விளக்கு போடாத காலத்தில் அந்த வெளிச்சம் கடல் மேலிருந்துதான் வந்தது. இப்போது குஞ்சு உங்கள் புல்வெளிக்கு ஏறி வருகிறது, அங்கே நாயும் காக்கையும் காத்திருக்கின்றன. விளக்கை அணைக்கச் செலவு எதுவும் இல்லை. அதைச் செய்யாமல் ஆமைப் பாதுகாப்புக்கு ஒரு லட்சம் கொடுக்கிறேன் என்று வந்த ஒரு விடுதியின் பணத்தை எங்கள் செயலாளர் திருப்பி அனுப்பினார். அன்று எனக்கு வருத்தமாக இருந்தது, இன்று அவர் செய்தது சரி என்றே படுகிறது.

கடல் உணவு ஏற்றுமதியாளருக்கு இதில் லாபக் கணக்கே இருக்கிறது. விசைப்படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலைக்கு இழுவை மடி என்று பெயர். அந்த மடியில் ஆமை சிக்காமல் வெளியேற வழிவிடும் கருவி நம் படகுகளில் இல்லை என்று சொல்லி, 2019இல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை நிறுத்தியது. வளர்ப்பு இறாலுக்கு அந்தத் தடை கிடையாது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி அப்படி ஒரு கருவியை வடிவமைத்திருக்கிறது. மடியில் ஒரு கம்பிச் சட்டம், மேலே ஒரு திறப்பு. இறால் சட்டத்தின் இடைவெளியில் நுழைந்து உள்ளே போகும், ஆமை முட்டி மேலே வெளியேறிவிடும். அந்த வழியே மீனும் போய்விடுமே என்பது படகுக்காரரின் பயம். அந்தப் பயத்துக்கு விடை சொல்லும் சோதனை ஓட்டங்களுக்கு டீசல் செலவைக் கொடுக்க ஏற்றுமதியாளரைவிடப் பொருத்தமானவர் யார்?

கடலிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்று நினைக்கும் திருப்பூர்க்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊர் வழியே ஓடும் நொய்யல் காவிரியில் சேர்கிறது, காவிரி கடலில் சேர்கிறது.

இரண்டாம் படி: ஓர் உயிர், ஓர் இடம்

"கடலைக் காப்போம்" என்று தொடங்கினால் மூன்று பேனரும் ஒரு மரக்கன்று விழாவுமாக முடியும். ஓர் உயிரையும் ஒரு கரையையும் தேர்ந்தெடுங்கள். சென்னை, செங்கல்பட்டு, நாகப்பட்டினம் என்றால் பங்குனி ஆமை. பாக் விரிகுடா என்றால் ஆவுளியா, அதாவது கடல்பசு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஆவுளியா காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் அது. ஆவுளியா மேய்வது கடற்புல்லை என்பதால், அங்கே புல்வெளியைக் காப்பதுதான் விலங்கைக் காப்பது. மன்னார் வளைகுடா என்றால் பவளப்பாறை. 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு இன்று கடலுக்குள் மூழ்கிக் கிடக்கின்றன.

ஒன்றைத் தேர்ந்தால் மற்றதைக் கைவிட்டதாகாது. பங்குனி ஆமைக்காக ஒரு கரையில் வெளிச்சத்தையும் மடியையும் சரி செய்தால், அந்தக் கரையின் மீனுக்கும் அது நல்லதுதான்.

நடுவில் ஒரு கதை: குஜராத்தின் திமிங்கலச் சுறா

தொழில் நிறுவனமும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து செய்ததில் நான் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லும் உதாரணம் சௌராஷ்டிரக் கரையில் இருக்கிறது. வேராவல், மாங்ரோல், துவாரகைப் பக்கத்து மீனவர்கள் திமிங்கலச் சுறாவைக் கொக்கியில் மாட்டி, பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டுப் பிடித்தார்கள். அதனால் அந்த மீனுக்கே 'பேரல்' என்று பெயர். ஈரல் எண்ணெய் படகுக்குப் பூச, இறைச்சி ஏற்றுமதிக்கு. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் பட்டியலில், அதைச் சேர்த்தார்கள். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதே கரையில் பலருக்குத் தெரியவில்லை.

2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் டாடா கெமிக்கல்ஸும் குஜராத் வனத்துறையும் சேர்ந்து இறங்கினார்கள். டாடா கெமிக்கல்ஸின் ஆலை அதே கரையில் மிதாப்பூரில் இருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு அது பக்கத்து வீட்டு விஷயம். அவர்கள் முதலில் செய்தது பெயரை மாற்றியது. ராமகதை சொல்லும் மொராரி பாபு, இந்த மீன் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று மக்களிடம் பேசினார். 'பேரல்' போய் 'வ்ஹாலி', அன்புக்குரியவள், ஆனது. தலைப்பிரசவத்துக்கு வந்த மகளை யார் வெட்டுவார்கள்? நமக்கு விளக்கவே தேவையில்லாத வாதம் இது.

பேச்சோடு நிற்கவில்லை என்பதால்தான் அது நிலைத்தது. சுறா சிக்கினால் வலையை அறுத்துத்தான் விட வேண்டும், வலை மீனவரின் முதலீடு. அறுத்த வலைக்கு வனத்துறை 25,000 ரூபாய் வரை இழப்பீடு கொடுத்தது. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. அதிகாரி கடலுக்குப் போய் நேரில் பார்த்தால்தான் பணம் என்றிருந்தபோது, அவர் வரும்வரை சுறா வலையிலேயே தவித்தது. பிறகு மீனவர் கையிலேயே நீர்புகாக் கேமரா கொடுத்தார்கள். சிக்கியதும் அறுத்துவிடு, படம் எடு, படம்தான் சான்று. காத்திருக்கும் நேரம் குறைந்தது. இதுவரை நூற்றுக்கணக்கான சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. அந்தக் கேமராவை நினைவில் வையுங்கள். கீழே ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது மறுபடி அதற்கு வருவேன்.

மூன்றாம் படி: யாரோடு சேர்வது?

சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இரவு இரவாகக் கரை நடக்கிறது. பாக் விரிகுடாவில் ஓம்கார் அறக்கட்டளை கடற்புல்லிலும் ஆவுளியாவிலும் வேலை செய்கிறது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளப்பாறைகளை மீட்டு வளர்க்கிறது. இவை மூன்றும் மூன்று வகை. ஒன்று தன்னார்வலர்களால் ஓடுவது, ஒன்று ஊரில் வேர்விட்ட டிரஸ்ட், ஒன்று ஆராய்ச்சி நிலையம். பெரிய தொகையை முதல் வகையிடம் திடீரென்று கொட்டினால் அவர்களுக்குச் சுமை. மாதம் பத்தாயிரத்தை மூன்றாம் வகையிடம் கொடுத்தால் பெரிதாக மாற்றம் தெரியாது. அளவு பார்த்துச் சேருங்கள்.

காகிதச் சோதனை சுருக்கமானது: டிரஸ்ட் பதிவு, வருமான வரித்துறையின் 12ஏ (டிரஸ்டுக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுகள், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. உங்கள் பணம் சட்டப்படியான சிஎஸ்ஆர் பணம் என்றால் அவர்களிடம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஆமை, ஆவுளியா, பவளம், கடல் அட்டை எல்லாம் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. அவற்றைத் தொடும் எந்த வேலைக்கும் வனத்துறை அனுமதி தேவை. "அனுமதிக் கடிதம் காட்டுங்கள்" என்று கேட்கத் தயங்காதீர்கள். நேர்மையானவர்கள் அதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

காகிதத்தில் தெரியாததை ஓர் இரவு காட்டிவிடும். சீசனில் ஒரு நாள் அவர்களோடு நடங்கள். விடியும்வரை மணலில் நடந்து, ஒரு ஆமைத்தடம்கூடக் காணாமல் திரும்பும்போது அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கரை மீனவர்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். எனக்கு இதைவிட நம்பகமான சோதனை தெரியாது.

நான்காம் படி: ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இது. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இன்றும் சொல் உண்டு. தொண்டு நிறுவனத்தார் அழைத்துப் போகட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள். விடியற்காலையில் கடலுக்குப் போய் வந்தவர் தூங்கும் நேரம் அது. கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு தொழிலுக்குப் போக மாட்டார்கள், ஆனால் பூசை முடிந்து வர வேண்டும். கிழக்குக் கரையில் விசைப்படகுக்காரர்களைப் பார்க்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் வசதி. படகு கரையில் இருக்கும், வலை பழுது பார்க்கும் வேலை நடக்கும், பேச நேரம் இருக்கும்.

போய் உட்கார்ந்ததும் உங்கள் திட்டத்தைச் சொல்லாதீர்கள். "ஆமை வலையில் மாட்டினால் உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேளுங்கள். "அண்ணே, வலையை அறுத்தா யார் கொடுப்பா?" என்று அவர்களே விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். 2025 ஜனவரியில் சென்னையைச் சுற்றிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி. இழுவை மடிக்குள் நெடுநேரம் சிக்கினால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டின் விதி. அந்த விதி காக்கப்பட்டால் நாட்டுப்படகுக்காரருக்கும் மீன் மிஞ்சும். ஆகவே ஊரே ஒரே கட்சி இல்லை. நாட்டுப்படகு, விசைப்படகு, மீன் விற்கும் பெண்கள், மூவரையும் தனித்தனியே கேளுங்கள்.

பெண்களைக் கேட்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ராமநாதபுரம் கரை பாடம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்குத் தேசியப் பூங்கா என்பது முதலில் துரத்தும் காவலராகத்தான் வந்தது. அவர்களோ சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது. பாதுகாப்பு என்ற சொல்லோடு நீங்கள் போய் நிற்கும்போது, அந்தச் சொல்லால் ஏற்கெனவே அடிபட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கலாம்.

ஐந்தாம் படி: பணம்

எதற்குக் கொடுப்பது? சம்பளத்துக்குக் கொடுங்கள். டி-ஷர்ட், தொப்பி, ஒருநாள் கருத்தரங்கு ஆகியவற்றுக்குப் பணம் தர நிறையப் பேர் வருவார்கள். மூன்று மாதம் இரவில் விழித்திருக்கும் இளைஞனின் கூலி, முட்டைகளைப் பாதுகாத்து வைக்கும் பொரிப்பகத்துக்கு நிழல்வலை, காயம்பட்ட ஆமையை ஏற்றிச் செல்லும் வண்டிக்குப் பெட்ரோல், கணக்காளர் ஊதியம் ஆகியவற்றுக்குத்தான் ஆளில்லை. நிழல்வலை என்றதும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. மிகச் சூடான மணலில் பெண்களே பிறக்கும், இன்னும் சூடேறினால் முட்டையே கெட்டுவிடும்.

சட்டம் எங்கே வருகிறது? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவில் வைத்த வரம்பு: நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். சுற்றுச்சூழலும் உயிரினப் பாதுகாப்பும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளன. நீங்கள் அந்த அளவுக்குக் கீழே என்றால் எந்தக் கட்டாயமும் இல்லை, சாதாரண நன்கொடையாகக் கொடுக்கலாம். 80ஜி சலுகை வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

மார்ச் அவசரத்துக்கும் இதே சட்டத்தில் மருந்து இருக்கிறது. உங்கள் வேலையைத் 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழு அறிவித்துவிட்டால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுக்கு அது ஓடலாம். மார்ச் 31இல் மிஞ்சிய தொகையை 30 நாளுக்குள் அதற்கென்று தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அடுத்த டிசம்பரில் ஆமை வேலைக்குக் கொடுக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல், மார்ச்சில் எதையாவது வாங்கித் தீர்க்கச் சொன்ன கம்பெனிகளுக்காக நாங்கள் தேவையே இல்லாத ஒரு புரொஜெக்டரை வாங்கி வைத்திருந்தோம்.

இன்னொரு தவறான நம்பிக்கை: "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது" என்று தொண்டு நிறுவனத்தின் கழுத்தைப் பிடிப்பது. அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செலவழிப்பதற்கான வரம்பு. களத்தில் வேலை செய்யும் நிறுவனத்தின் செலவுக்கு அது பொருந்தாது. உங்கள் ஆடிட்டரிடம் இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு பேசுங்கள்.

ஆறாம் படி: ஒப்பந்தம்

நான்கு பக்கம் போதும், தமிழிலும் ஒரு பிரதி இருக்கட்டும். காலம் மூன்று சீசனுக்குக் குறையக் கூடாது. பணம் வரும் தேதிகளைக் கடலின் நாட்காட்டிப்படி வையுங்கள்: ஆமை என்றால் நவம்பரில் பெரும்பங்கு, பிப்ரவரியில் மீதி. யாருக்கு எந்தப் படத்தைப் பயன்படுத்த உரிமை, முட்டையிடும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனை, கணக்கு எப்போது கொடுப்பது ஆகியவை எழுத்தில் இருக்கட்டும்.

இங்கேதான் குஜராத் கேமரா. மீனவருக்கு வலை இழப்பீடு கொடுப்பது உங்கள் திட்டத்தில் இருந்தால், சான்றை எளிதாக்குங்கள். மூன்று கையெழுத்து, நகல் ஆதார், அசல் பில் என்று கேட்டால் அடுத்த முறை அவர் ஆமையைப் பற்றி உங்களிடம் சொல்லவே மாட்டார். கைப்பேசியில் எடுத்த ஒரு காணொளி, ஒரு வாரத்துக்குள் பணம். கூட்டாளிக்கும் அதே மரியாதை: இருபது பக்க மாத அறிக்கை கேட்காதீர்கள். அதை எழுதுகிறவள் என்னைப் போல ஒரே ஆள்தான்.

ஏழாம் படி: விளம்பரமும் ஊழியர்களும்

வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள், தவறே இல்லை. ஆனால் அளந்து சொல்லுங்கள். "ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 2 ரூபாய்" என்றால் யாருக்கு, எந்தத் தேதி வரை என்று பாக்கெட்டிலேயே அச்சிடுங்கள். விற்பனை சரிந்தாலும் இவ்வளவு கொடுப்போம் என்று ஒரு குறைந்தபட்சத் தொகையையும் ஒப்பந்தத்தில் வையுங்கள். பொய்யான பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் வழிகாட்டு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. "கடலுக்கு நண்பன்" என்று மொட்டையாகச் சொல்வது இனி ஆபத்து. உங்கள் பொருளை விற்பதற்காக விளம்பரதாரராகக் கொடுத்த பணம் சிஎஸ்ஆர் கணக்கிலும் சேராது.

ஊழியர்களைக் கடற்கரை துப்புரவுக்கு அழைத்துப் போகலாம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் அது நடக்கிறது, ஆமை சீசனும் இல்லை. பொறுக்கியதை வகை பிரித்து எண்ணி எழுதுங்கள், மூட்டைகளை ஏற்றிச் செல்லும் வண்டி வந்து நிற்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. கட்டிவைத்த மூட்டைகள் மறுநாள் நாய் கிழித்து மணலிலேயே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சீசனில் என்றால் கையால் மட்டும். மணலை வாரும் இயந்திரம் வேண்டாம், அடியில் நூற்றுக்கு மேல் முட்டைகள் இருக்கலாம். இரவு நடைக்கு எட்டுப் பேருக்கு மேல் அனுப்பாதீர்கள், கைப்பேசி வெளிச்சம் கூடாது, முட்டையையும் குஞ்சையும் தொடுவது அனுமதி பெற்றவர்களின் வேலை மட்டுமே.

மென்பொருள் நிறுவனமாக இருந்தால் ஆட்களைவிடத் திறமையைக் கொடுங்கள். பல ஆண்டு நோட்டுப் புத்தகங்களில் கிடக்கும் ஆமைக் கூடுகளின் கணக்கை ஒழுங்கான தரவாக ஏற்றிக் கொடுத்தால், அதற்கு இணையான நன்கொடை அந்த டிரஸ்டுக்குக் கிடைத்திருக்காது.

முதல் ஆண்டு முடிவில்

எத்தனை குஞ்சுகளைக் கடலில் விட்டோம் என்ற எண் அழகாகத் தெரியும், ஆனால் அது இயற்கையின் ஏற்ற இறக்கத்தோடு ஆடும். ஓர் ஆண்டு கூடுகள் குறைந்ததற்காகக் கூட்டாளியைக் குறை சொல்லாதீர்கள். எத்தனை இரவு நடந்தார்கள், எத்தனை படகுகள் வலையறுத்து விடுவித்தன, கரையில் எத்தனை விளக்குகள் அணைந்தன, காவலுக்கு வந்த இளைஞர்களில் எத்தனை பேர் அடுத்த சீசனுக்கும் வரச் சம்மதித்தார்கள் என்று கேளுங்கள். இவையெல்லாம் மனிதர் கையில் இருப்பவை.

தொடர முடியாத நிலை வந்தால், ஆகஸ்டுக்குள் சொல்லிவிடுங்கள். வேறு இடத்தில் கேட்க அவர்களுக்கு நேரம் வேண்டும். தொடர்வதாக இருந்தால் இரண்டாம் ஆண்டுப் பணத்தை நவம்பர் முதல் வாரத்தில் அனுப்புங்கள். டிசம்பர் கடைசியில் அவர்கள் பேட்டரி மாற்றிய டார்ச்சோடு கரையில் நடக்கத் தொடங்கியிருப்பார்கள்.